தனுஷ்கோடி புயலில் தப்பிய சாவித்திரி: அதற்குப் பிறகான 17 ஆண்டுகளில் நடந்தது என்ன?

ராமேஸ்வரம் போனவர்கள் தனுஷ்கோடிக்கும் ஒரு நடை போய்விட்டு வருவது வழக்கம். இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்ச சுவர்கள், இரண்டு பக்கமும் கடல். 1964 புயல் பற்றிப் பேச்சு எழுந்தாலே கூடவே ஒரு சினிமாக் கதையும் வந்துவிடும். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம் திரும்பினார்கள், அன்று ராத்திரியே ஊர் கடலுக்குள் போய்விட்டது என்ற கதை.

சாவித்திரி அன்று உயிர் தப்பினார். 17 ஆண்டுகள் கழித்து அதே டிசம்பர் மாதத்தில் இறந்தார். இந்த இரண்டு டிசம்பர்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: குடித்தார், எல்லாவற்றையும் இழந்தார். அது பாதி உண்மைகூட இல்லை.

அந்த ராத்திரி என்ன ஆச்சு?

1964 டிசம்பர் மூன்றாவது வாரத்தில் தெற்கு அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு, இலங்கையின் வடக்குப் பகுதியைத் தாண்டி 22-ம் தேதி இரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. அப்போது தனுஷ்கோடி சின்ன மீனவக் குடியிருப்பு மட்டும் இல்லை. எழும்பூரில் ஏறினால் போட் மெயில் இங்கேதான் கொண்டுவந்து விடும். இங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடியும் ரயிலில் கொழும்பு. சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், கடைகள் என்று எல்லாம் இருந்த துறைமுக ஊர்.

பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பிய பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது பேரலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மொத்தமாகப் பலியானார்கள். பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களைக் கடல் அடித்துக்கொண்டு போனது. ராமேஸ்வரம் தீவுக்கும் வெளி உலகத்துக்கும் தொடர்பே இல்லாமல் போனது. உயிர் பிழைத்தவர்கள் ராமநாதசுவாமி கோயிலில் தஞ்சம் புகுந்தார்கள். பிறகு தனுஷ்கோடி மனிதர்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. பாலத்தை 46 நாளில் சரிசெய்து பெயர் வாங்கிய இளம் பொறியாளர்தான் பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய இ. ஸ்ரீதரன்.

இப்படித் துண்டிக்கப்பட்ட ராமேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டவர்களில்தான் ஜெமினியும் சாவித்திரியும் இருந்தார்கள். நாடு முழுக்க செய்தியானதற்கு அதுவும் ஒரு காரணம். ஏன் என்றால் அந்த டிசம்பரில் தென்னிந்திய சினிமாவில் சாவித்திரியை விடப் பெரிய நடிகை என்று ஒருவரைக் காட்டுவது கஷ்டம்.

1964-ல் அவர் எங்கே இருந்தார்?

அந்த ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கர்ணனில் துரியோதனனின் மனைவி பானுமதி. வேட்டைக்காரனில் எம்.ஜி.ஆருக்கு ஜோடி. கை கொடுத்த தெய்வத்தில் கள்ளம் கபடம் இல்லாமல் எல்லோரிடமும் பேசிப் பேசியே கெட்ட பெயர் வாங்கும் பெண். தெலுங்கில் மூக மனசுலு. புயலுக்கு ஒன்றரை மாதம் முன்பு, தீபாவளிக்கு நவராத்திரி.

நவராத்திரியை சிவாஜியின் நூறாவது படம், ஒன்பது வேடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனா அந்த ஒன்பது பேரையும் சந்திக்கிற பெண் ஒருத்திதான். பயம், அருவருப்பு, இரக்கம், சிரிப்பு என்று ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முகம் காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. தெருக்கூத்துக் காட்சியில் சிவாஜிக்குப் பக்கத்தில் அவர் ஆடுவதை ஒரு தடவை பாருங்கள். படத்தைத் தூக்கி நிறுத்தியது ஒரு தோள் இல்லை, இரண்டு தோள் என்பது புரியும்.

இவ்வளவு உயரத்துக்கு வந்தது எப்படி?

ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் சிறாவூர் என்ற கிராமம். 1930-களின் நடுவில் ஒரு டிசம்பர் 6-ம் தேதி பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா சுபத்ரம்மா இரண்டு பெண் குழந்தைகளோடு தன் அக்கா வீட்டுக்கு வர, பெரியப்பா வெங்கடராமய்யா சவுத்ரிதான் விஜயவாடாவில் வளர்த்தார். நடனம் கற்றார், நாடக மேடை ஏறினார். காக்கிநாடாவில் நடந்த ஒரு கலை விழாவில் சின்னப் பெண்ணாக ஆடி, இந்தி நடிகர் பிருத்விராஜ் கபூர் கையால் பரிசு வாங்கினார்.

பெரியப்பா அவரை மெட்ராஸ் கூட்டி வந்தார். முதல் பெரிய வாய்ப்பு 1950-ல் சம்சாரம் என்ற தெலுங்குப் படம், இயக்குநர் எல்.வி. பிரசாத். கதாநாயகியாகத் தேர்வு செய்தார்கள். கேமரா முன்னால் நின்றதும் வசனமே வரவில்லை. நாயகி வேடம் இன்னொருவருக்குப் போய்விட்டது, இவருக்கு மிஞ்சியது ஒரு துக்கடா வேடம். அடுத்து பாதாள பைரவியில் ஒரு நடனம். இந்த லெவலில் காணாமல் போனவர்கள் கோடம்பாக்கத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

1953-ல் தேவதாஸ் அவரைத் தூக்கிவிட்டது. நிஜமான திருப்பம் 1955-ல் மிஸ்ஸியம்மா. அந்த வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் பி. பானுமதி. படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்ததில் தயாரிப்பாளர் சக்ரபாணிக்கும் அவருக்கும் மோதல் வந்து, பானுமதி விலகினார். இரண்டாம் நாயகியாக இருந்த சாவித்திரிக்கு அந்த இடம் கிடைத்தது. இயக்குநர் யார் தெரியுமா? அதே எல்.வி. பிரசாத். வசனம் வராமல் நின்ற அதே பெண்ணை அவரே நாயகியாக வைத்து எடுத்த படம், தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சமயத்தில் சக்கைப்போடு போட்டது. புதுக்கோட்டைக்காரரான ஜெமினி கணேசனையும் அதுதான் நட்சத்திரமாக்கியது.

1957-ல் மாயாபஜார். கடோத்கஜன் மாயத்தால் பெண் உருவம் எடுக்கிறான். அதாவது பெண் உடம்புக்குள் ஒரு ராட்சசன் புகுந்து முழித்துக்கொண்டு நிற்கிறான். எஸ்.வி. ரங்காராவ் எப்படி நடப்பார், எப்படி உறுமுவார் என்பதைக் கவனித்து அதைத் தன் உடம்பில் இறக்கிக்கொண்டார் சாவித்திரி. அழுகை வேடத்துக்குத்தான் அவர் லாயக்கு என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தை மறந்துவிடுகிறார்கள்.

பரமக்குடிப் பையனுக்கு முதல் அம்மா

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அவரோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1960-ல் ஏவி.எம். தயாரித்து பீம்சிங் இயக்கிய களத்தூர் கண்ணம்மாவில் சாவித்திரியின் மகனாக ஒரு ஐந்து வயதுப் பையன் அறிமுகமானான். பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன். ஜாதி, அந்தஸ்து என்று பிரிக்கப்பட்ட காதலர்களின் குழந்தை அநாதை விடுதியில் வளரும் கதை அது. குழந்தை இறந்துவிட்டது என்று நினைத்து வாழும் தாயாக சாவித்திரி. இரண்டு வருடம் கழித்து பார்த்தால் பசி தீரும் படத்திலும் இருவரும் நடித்தார்கள், அதில் கமலுக்கு இரட்டை வேடம்.

நடுவில் 1961-ல் பாசமலர். அண்ணன் சிவாஜி, தங்கை சாவித்திரி. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த தலைமுறை, அண்ணன் தங்கை என்றால் இன்னிக்கும் அந்தப் படத்தைத்தான் சொல்லும். இந்தக் கடற்கரை ஊர்களில் அப்போது இலங்கை வானொலி தெளிவாக எடுக்கும். படம் ஊருக்கு வருவதற்கு முன்னாடியே பாட்டு வந்துவிடும். நடிகையர் திலகம் என்ற பட்டம் ஒட்டிக்கொண்ட காலம் இது.

கல்யாணம் ஒரு சோப்பு விளம்பரத்தில் வெளிவந்தது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெமினிக்கு ஏற்கனவே அலமேலு என்ற மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். 1952-ல் மைசூர் சாமுண்டீஸ்வரி கோயிலில் சாவித்திரியை ரகசியமாக மணந்தார். ஒரு லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் சாவித்திரி கணேஷ் என்று கையெழுத்துப் போட்டதில் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. பெரியப்பா வீட்டோடு உறவு முறிந்தது. மகளுக்கு விஜய சாமுண்டீஸ்வரி என்று பெயர் வைத்தார்கள். தி.நகர் ஹபிபுல்லா சாலையில் பெரிய வீடு. கார்கள் மேல் அவருக்குத் தீராத ஆசை, தானே ஓட்டவும் செய்வார்.

கொடுப்பதிலும் கை தாராளம். 1965-ல் பாகிஸ்தானோடு போர் நடந்த காலத்தில், பாதுகாப்பு நிதிக்காகத் தன் நகைகளைக் கழற்றி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் கொடுத்தார். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார், கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்று அவரைத் தெரிந்த பலரும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். இதை நல்ல குணம் என்று புகழ்ந்துவிட்டுக் கடந்துவிடலாம்தான். ஆனால் வரவும் செலவும் எழுதி வைக்க ஆள் இல்லாத ஒரு வீட்டில் லட்சங்கள் புழங்கின என்பதும் அதே விஷயத்தின் இன்னொரு பக்கம்.

புயலுக்குப் பிறகு

1965-ல் திருவிளையாடலில் பார்வதி. சிவனோடு சரிக்குச் சரி வாதம் செய்யும் பார்வதி. ஆனால் கதாநாயகி வாய்ப்புகள் மெல்லக் குறைய ஆரம்பித்தன. கே.ஆர். விஜயா, ஜெயலலிதா, சரோஜாதேவி என்று களம் மாறியிருந்தது. சாவித்திரிக்கு அப்போது வயது முப்பதுதான்! அவரோடு ஜோடியாக நடித்த ஹீரோக்கள் அடுத்த பத்து, இருபது வருடங்களுக்குக் கல்லூரி மாணவராக நடித்துக்கொண்டிருந்தார்கள். நடிகைக்கு முப்பது என்றால் அண்ணி வேடம், முப்பத்தைந்து என்றால் அம்மா வேடம். அந்தக் கணக்கு இன்னும் பெரிசா மாறவில்லை.

இந்த இடத்தில் சாவித்திரி செய்த காரியத்தைத்தான் நாம் யாரும் சரியாகப் பேசுவதில்லை. அவர் டைரக்டர் ஆனார்.

1968-ல் சின்னாரி பாப்பலு என்ற தெலுங்குப் படம். கேமராவுக்குப் பின்னாலும் முக்கியப் பொறுப்புகளைப் பெண்களே எடுத்துக்கொண்டு செய்த படம் அது. இயக்கம் சாவித்திரி, இசை பி. லீலா, நடன அமைப்பு ராஜசுலோச்சனா, கலை மோகனா, தயாரிப்பிலும் பெண்கள். 1968-ல் என்பதை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தில் பெண் ஒளிப்பதிவாளர் வேலை செய்தாலே இன்று அது தனிச் செய்தி.

படத்துக்கு நந்தி விருது கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை. அடுத்த வருடமே அதைத் தமிழில் குழந்தை உள்ளம் என்று தானே தயாரித்து இயக்கினார். ஜெமினி, வாணிஸ்ரீ, சௌகார் ஜானகி நடித்தார்கள். அதே 1969-ல் தெலுங்கில் சிரஞ்சீவி, என்.டி.ஆர். நடித்த மாத்ரு தேவதா. 1971-ல் விந்த சம்சாரம், தமிழில் பிராப்தம். நான்கு வருடத்தில் ஆறு படங்கள்! இன்றைக்கு இந்த எண்ணிக்கையைத் தொட்ட பெண் இயக்குநர்கள் தமிழில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பிராப்தம் ஏன் இவ்வளவு பெரிய அடி?

நடிகையாக இருக்கும்வரை சம்பளம் வாங்கினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்கலாம். படம் ஓடாவிட்டால் நஷ்டம் தயாரிப்பாளருக்கு. தானே தயாரிக்க இறங்கினால் கதை வேறு. அந்தக் காலத்தில் படம் எடுக்க வங்கிக் கடன் எல்லாம் சுலபத்தில் கிடையாது. ஃபைனான்சியரிடம் வட்டிக்கு வாங்கணும், படத்தின் நெகட்டிவ் உரிமையை அவர் பிடித்து வைத்துக்கொள்வார். கடனை அடைத்தால்தான் லேபிலிருந்து பிரின்ட் வெளியே வரும். நடுவில் படப்பிடிப்பு இழுத்தால் நாள் கணக்கில் வட்டி ஏறும். ஏற்கனவே சம்பாதித்த வீடும் நகையும் அதில் கரையும்.

மூக மனசுலுவின் தமிழ்தான் பிராப்தம். படகோட்டிக்கும் ஜமீன் வீட்டுப் பெண்ணுக்கும் நடுவிலான அன்பு, மறுஜென்மம் என்று போகும் கதை. தெலுங்கில் 1964-ல் பிரமாதமாக ஓடியது, இந்தியில் மிலன் என்ற பெயரில் சுனில் தத், நூதன் நடித்து அதுவும் வெற்றி. சாவித்திரி சிவாஜியைப் படகோட்டியாகப் போட்டு, தானே நாயகியாக நடித்து, இயக்கி, தயாரித்தார். தெலுங்கில் அவர் அந்த வேடத்தைச் செய்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

1971 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று படம் வெளியானது. அதே நாளில் சிவாஜி, ஜெயலலிதா நடித்த சுமதி என் சுந்தரியும் வெளியானது. ஒரே ஹீரோவின் இரண்டு படம் ஒரே நாளில். ஒரு பக்கம் கலகலப்பான கலர் படம், இன்னொரு பக்கம் சோகமான மறுஜென்மக் கதை. ரசிகர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

வருமான வரிப் பிரச்சினையும் அதே காலத்தில் கழுத்தைப் பிடித்தது. 1970-களின் தொடக்கத்தில் இந்தியாவில் வரி எப்படி இருந்தது தெரியுமா? 1973-74-ல் உச்சபட்ச வருமானத்துக்கு, சர்சார்ஜும் சேர்த்து, 97.75 சதவீதம். நூறு ரூபாயில் கையில் நிற்பது இரண்டே கால் ரூபாய். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் காட்டாமல் ரொக்கமாக வாங்கும் பழக்கம் சினிமாவில் வேரூன்றிய காலமும் இதுதான். நல்ல ஆடிட்டரும் நம்பகமான ஆட்களும் இருந்தவர்கள் சமாளித்தார்கள். சாவித்திரிக்கு இரண்டும் அமையவில்லை. ஹபிபுல்லா சாலை வீடு கையை விட்டுப் போனது. கடைசியில் அண்ணாநகரில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்.

ஜெமினியோடு பிரிவு 1960-களின் கடைசியிலேயே நடந்துவிட்டது. குடிப்பழக்கம் பிடித்துக்கொண்டது, சர்க்கரை நோயும் இருந்தது. இதை மறைப்பதற்கில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: வாய்ப்பு சுருங்கியது, சொந்தப் பணத்தைப் போட்டு வேலையைத் தொடர்ந்தார், கடன், வரி, பிரிவு, அதோடு சேர்ந்து குடி. அவர் கதையைச் சொல்லும்போது கடைசியில் இருக்கும் ஒன்றை மட்டும் முன்னால் இழுத்து வைத்துவிடுகிறோம். அப்படிச் சொன்னால் கேட்பதற்கு ஒரு பாடம் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சொந்தப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட ஆண் நட்சத்திரங்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றிச் சொல்லும்போது துணிச்சல், சினிமா வெறி என்ற வார்த்தைகள் வரும்.

கடைசி வருடங்களிலும் அவர் நடித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு காலத்தில் தன் கால்ஷீட்டுக்காக ஸ்டூடியோக்கள் காத்திருந்தவர், சின்னச் சின்ன அம்மா வேடங்களை ஏற்றார். 1979-ல் தாசரி நாராயணராவின் கோரிண்டாகு படத்தில் அவரைப் பார்க்கலாம். உடம்பு மெலிந்திருக்கும், கண்கள் மட்டும் அதே பழைய கண்கள்.

1980 மே மாதம் பெங்களூரு போயிருந்தபோது நினைவிழந்தார். சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு நினைவு திரும்பவே இல்லை. 19 மாதம் கோமாவில் இருந்து, 1981 டிசம்பர் 26-ம் தேதி காலமானார். வயது நாற்பதுகளின் நடுவில். தனுஷ்கோடி இரவிலிருந்து கணக்குப் போட்டால் 17 வருடமும் நான்கு நாளும்.

இன்னிக்கு அவரைப் பார்க்கணும்னா?

2011-ல் இந்தியத் தபால் துறை பழம்பெரும் நாயகிகள் வரிசையில் மீனாகுமாரி, நூதன் ஆகியோரோடு சாவித்திரிக்கும் தபால்தலை வெளியிட்டது. 2018-ல் நாக் அஸ்வின் இயக்கிய மகாநடி, தமிழில் நடிகையர் திலகம், புதுத் தலைமுறைக்கு அவரை அறிமுகம் செய்தது. அதில் நடித்த கீர்த்தி சுரேஷுக்கு தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் நிறைய பேர்.

அசல் சாவித்திரியைப் பார்க்க ஆசைப்பட்டால் பாசமலரில் தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை. அழுதே களைத்துப் போவீர்கள். முதலில் மிஸ்ஸியம்மா, பிறகு மாயாபஜாரில் அந்தக் கடோத்கஜன் காட்சிகள், அப்புறம் நவராத்திரி. நவராத்திரி பார்க்கும்போது சிவாஜி எந்த வேடத்தில் வந்தாலும் கொஞ்ச நேரம் கண்ணை அவர் மேலிருந்து எடுத்து, எதிரில் நிற்கும் பெண்ணைக் கவனியுங்கள். அந்தப் படம் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த வாரங்களில்தான் அவர் ராமேஸ்வரத்துக்குக் கிளம்பி வந்தார்.